சக மாணவர் மதிப்பீட்டை ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏற்றபடி நடத்துவது எப்படி?

“பக்கத்தில் இருப்பவரோடு நோட்டை மாற்றிக்கொள்ளுங்கள்” என்று சொல்லாத ஆசிரியர் நம் ஊரில் இருக்க மாட்டார். சொல்வதெழுதுதல் முடிந்ததும் நோட்டு கை மாறும், விடை பலகையில் இருக்கும், பிள்ளைகள் டிக் போடுவார்கள். அது திருத்தும் வேலை. சக மாணவர் மதிப்பீடு அதற்கு அடுத்த படி. கட்டுரை, கடிதம், செயல்திட்டம் என ஒரே விடை இல்லாத ஒரு வேலையை இன்னொரு மாணவர் பார்த்து, எது நன்றாக வந்திருக்கிறது, எதை எப்படி மாற்றலாம் என்று சொல்ல வேண்டும்.

இதைப் புதிதாக முயலும் ஆசிரியரின் வகுப்பில் பெரும்பாலும் நடப்பது இதுதான். முதல் ரேங்க் மாணவி கையில் கிடைத்த நோட்டைச் சிவப்பாக்கிவிடுவாள். நண்பனின் நோட்டு கிடைத்தவன் ‘வெரி குட்’ என்று எழுதி மூடிவிடுவான். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பையன் மணி அடிக்கும்வரை நோட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பான். மூவருக்கும் நாம் சொன்னது ஒன்றுதான். மூவருக்கும் தேவைப்பட்டது வேறு வேறு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல வேலை எது என்ற அளவுகோல் வகுப்பு முழுவதற்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். அதை வைத்து ஒரு பிள்ளை எப்படிப் பார்க்கிறது, பார்த்ததை எப்படிச் சொல்கிறது, பிறர் சொன்னதை எப்படி வாங்கிக்கொள்கிறது என்பதைத்தான் ஆளுக்கு ஏற்ப மாற்ற வேண்டும். அளவுகோலையே தாழ்த்தினால் ‘உனக்கு இவ்வளவு போதும்’ என்று அந்தப் பிள்ளையிடம் சொன்னதாகிவிடும். பிள்ளைகள் அதை உடனே புரிந்துகொள்வார்கள்.

பொதுவாகப் பேசினால் பிடிபடாது. எட்டாம் வகுப்பு, நாற்பது பேர், தமிழ்ப் பாடவேளை என்று வைத்துக்கொள்வோம். தெருவிளக்கைச் சரிசெய்யக் கோரி ஊராட்சித் தலைவருக்கு விண்ணப்பம் எழுத வேண்டும். அனுப்புநர், பெறுநர், பொருள், இப்படிக்கு, உறைமேல் முகவரி எல்லாம் பிள்ளைகளுக்குத் தெரிந்தவைதான்.

முதல் படி: அளவுகோல் பிள்ளைகள் வாயிலிருந்து வரட்டும்

கற்பவருக்கு மூன்று வேண்டும் என்று ராய்ஸ் சாட்லர் என்ற ஆஸ்திரேலியக் கல்வியாளர் 1989-ல் எழுதினார். நல்லது எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும், தன்னுடையதை அதோடு ஒப்பிடத் தெரிய வேண்டும், இடைவெளியைக் குறைக்க ஏதாவது செய்யத் தெரிய வேண்டும். சக மாணவர் மதிப்பீட்டின் அடிப்படையே இதுதான். முதலாவது இல்லாமல் மற்ற இரண்டும் நடக்காது.

எனவே இரண்டு கடிதங்களை உங்கள் கையெழுத்தில் எழுதிக் கொண்டுபோங்கள். ஒன்று நன்றாக இருக்கட்டும், இன்னொன்று சுமாராக இருக்கட்டும். வகுப்பில் யாருடைய கடிதமும் வேண்டாம். இரண்டையும் உரக்கப் படித்துவிட்டு, “நீங்கள்தான் தலைவர். எந்தக் கடிதத்தைப் பார்த்ததும் ஆளை அனுப்புவீர்கள்? ஏன்?” என்று கேளுங்கள். பிள்ளைகள் சொல்வதைப் பலகையில் எழுதிக்கொண்டே வந்தால் கடைசியில் நாலு கேள்விகளுக்குள் அடங்கிவிடும். சரியான ஆளுக்குத்தான் எழுதியிருக்கிறதா? பொருள் வரியைப் படித்தாலே என்ன வேண்டும் என்று தெரிகிறதா? இடம், காலம், யாருக்கு என்ன தொல்லை என்ற விவரம் இருக்கிறதா? என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாகக் கேட்டிருக்கிறதா?

எழுத்துப்பிழையை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். ல, ழ, ள பிழையைத் தேடுவது சுலபம். அதைச் சேர்த்தால் பிள்ளைகள் அதை மட்டுமே தேடுவார்கள், மற்ற நாலு கேள்வியும் காணாமல் போகும். எழுதத் தடுமாறும் பிள்ளையின் கருத்து நன்றாக இருந்தாலும் அதை யாரும் பார்க்க மாட்டார்கள். பிழைத் திருத்தத்துக்கு வேறொரு நாள் ஒதுக்கிக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: ஒவ்வொருவருக்கும் அரைப் பக்கம்

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஒரு வாரம் வழக்கம்போலப் பாடம் நடத்திக்கொண்டே கவனியுங்கள், பார்த்ததைக் குறித்து வையுங்கள். எப்படிப் படிக்கிறான்? எப்படி எழுதுகிறான்? வகுப்பில் யாரிடம் பேசுகிறான், யாரிடம் பேசுவதில்லை? யாராவது குறை சொன்னால் என்ன செய்கிறான்? விண்ணப்பக் கடிதத்தில் ஏற்கெனவே கைவந்தது எது?

பார்த்ததை மட்டும் எழுதுங்கள், முத்திரை குத்தாதீர்கள். ‘மெல்லக் கற்பவன்’ என்று எழுதி வைத்தால் அதைக் கொண்டு எதுவும் செய்ய முடியாது. ‘ஒரு பத்தியைப் படித்து முடிக்க வெகுநேரம் ஆகிறது, நான் படித்துக் காட்டினால் உடனே பிடித்துக்கொண்டு கேள்வி கேட்கிறான்’ என்று எழுதினால் அடுத்த வாரம் என்ன செய்ய வேண்டும் என்று அந்த வரியே சொல்லிவிடும். சாதி, வீட்டு வருமானம், குடும்பச் சண்டை எதுவும் இதில் வேண்டாம். நோட்டு உங்கள் பையிலேயே இருக்கட்டும். மேசை மேல் விட்டால் இடைவேளையில் வகுப்பே படித்துவிடும்.

கண்ணால் கற்பவர், காதால் கற்பவர், செய்து கற்பவர் என்று பிள்ளைகளைப் பிரிக்கும் வழக்கத்தைப் பயிற்சி வகுப்புகளில் கேட்டிருப்பீர்கள். அப்படிப் பிரித்து அதற்கேற்பக் கற்பித்தால் நன்றாகக் கற்பார்கள் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று ஹரால்ட் பாஷ்லர் உள்ளிட்ட நாலு உளவியலாளர்கள் 2008-ல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொன்னார்கள். நம் அரைப் பக்கத்துக்கு அந்தப் பிரிவினை தேவையில்லை. பிள்ளைக்கு இன்று எது தடையாக இருக்கிறது, எது கைகொடுக்கிறது என்பது தெரிந்தால் போதும்.

கற்றல் குறைபாடோ, செவித்திறன் குறைபாடோ இருக்குமோ என்று தோன்றினால் நீங்களாக முடிவு கட்டாதீர்கள். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது, கற்றல் குறைபாடும் அதில் ஒன்று. அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்புப் பயிற்றுநரிடம் கேளுங்கள். அந்தப் பிள்ளையை ஏற்கெனவே அவருக்குத் தெரிந்திருக்கவும் கூடும்.

மூன்றாம் படி: யாருக்கு எந்த வேலை

உழைப்பு முழுவதும் இங்கேதான் இருக்கிறது. நோட்டைப் புரட்டியபடி, அந்த நாலு கேள்விகளையும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிள்ளைக்கும் எது தோதாக இருக்கும் என்று யோசியுங்கள்.

எழுத்துக்கூட்டிப் படிப்பவனிடம் கடிதத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டாம். எழுதியவளே அவனுக்குப் படித்துக் காட்டட்டும். அவன் தலைவர், எதிரே உட்கார்ந்து கேட்கிறான். மூன்றாவது கேள்வி மட்டும் அவன் பொறுப்பு, விவரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு மாணவியின் கடிதம் இப்படி இருந்தது: “எங்கள் தெருவில் விளக்கு பல நாட்களாக எரியவில்லை. மக்கள் மிகவும் சிரமப்படுகிறார்கள். எனவே ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.” கேட்டவன் சொன்னான், “எந்தத் தெரு? அந்தத் தெருவுல எந்தக் கம்பம்? யாரு சிரமப்படுறாங்க?” அவள் திருத்தி எழுதியது இது: “பிள்ளையார் கோயில் தெருவில் தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே உள்ள கம்பத்தில் மூன்று வாரமாக விளக்கு எரியவில்லை. டியூஷன் முடிந்து வரும் பிள்ளைகள் அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.” வகுப்பிலேயே மெதுவாகப் படிப்பவன் கேட்ட மூன்று கேள்விகள்தான் அந்தக் கடிதத்தை மாற்றின. படிப்பது அவனுக்குத் தடை, யோசிப்பதில் எந்தத் தடையும் இல்லை. படிப்பதை இன்னொருவர் ஏற்றுக்கொண்டதும் அவன் யோசனை வெளியே வந்தது.

டிஸ்லெக்சியா, அதாவது எழுத்துகளைப் படிப்பதில் சிரமம் தரும் கற்றல் குறைபாடு, உள்ள பிள்ளைக்கும் இதே வழி உதவும். கூடுதலாக ஒன்று செய்யுங்கள். சகபிள்ளைகளின் கோழிக்கிறுக்கலை அவளிடம் கொடுக்காமல், மதிப்பிட வேண்டிய கடிதத்தைப் பெரிய எழுத்தில், வரிகளுக்கு இடைவெளி விட்டுத் தட்டச்சு செய்து கொடுங்கள். கருத்தை அவள் வாயால் சொல்லட்டும், இணையில் இருப்பவர் எழுதிக்கொள்ளட்டும், அல்லது உங்கள் கைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

முதல் ரேங்க் மாணவிக்குக் கடிவாளம் தேவை, தீனியும் தேவை. இரண்டே இரண்டு குறிப்புகள்தான் எழுதலாம் என்று எல்லை போடுங்கள். அதற்கு முன்னால் எழுதியவரிடம் ஒரு கேள்வியாவது கேட்டிருக்க வேண்டும். இன்னொன்றும் சொல்லுங்கள்: “இந்தக் கடிதத்திலிருந்து உன் கடிதத்துக்கு எடுத்துக்கொள்ள ஒரு வரி கண்டுபிடி.” அதைத் தேட ஆரம்பித்தால் பார்வை மாறிவிடும். அவளுடைய கடிதத்தை, அவளுக்கு ஈடுகொடுக்கக்கூடிய ஒருவரிடம் கொடுங்கள். நன்றாக எழுதும் பிள்ளைக்கு ‘சூப்பர்’ என்ற ஒரு சொல்லைத் தவிர யாரும் எதுவும் தருவதில்லை. ஆண்டு முழுக்க அந்தப் பிள்ளை இருந்த இடத்திலேயே நிற்பதை நாம் கவனிப்பதும் இல்லை.

வாயே திறக்காத பிள்ளைகளை முதல் நாளே நேருக்கு நேர் உட்கார வைக்காதீர்கள். பக்கத்துப் பிரிவிலிருந்து பெயர் மறைத்து வாங்கிய கடிதத்தைக் கொடுத்து, துண்டுச்சீட்டில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த சுற்றில் அவள் நம்பும் ஒரே ஒரு தோழியோடு. அதற்கடுத்துதான் வேறு ஆள்.

யாராவது ஏதாவது சொன்னால் முகம் சுருங்கிவிடும் பிள்ளையின் கையில் தேர்வைக் கொடுத்துவிடுங்கள். நாலு கேள்விகளில் எதை மட்டும் பார்த்துச் சொன்னால் போதும் என்று அவனே ஒன்றுக்கு வட்டம் போட்டுக் கொடுக்கட்டும். தானே கேட்டு வாங்கிய கருத்து அவ்வளவாகச் சுடாது.

செவித்திறன் கருவி அணிந்த பிள்ளைக்கு, இருபது இணைகள் ஒரே நேரத்தில் பேசும் வகுப்பறை பெரும் தொல்லை. கருவி பேச்சோடு இரைச்சலையும் சேர்த்தே பெரிதாக்கும். அந்த இணையை வராந்தாவிலோ நூலகத்திலோ உட்கார வையுங்கள். பேசுபவர் முகத்தில் வெளிச்சம் விழட்டும், முக்கியமானதை எழுதியும் காட்டட்டும். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு யாரோடு, எங்கே, எத்தனை நிமிடம் என்பதை முந்தைய நாளே சீட்டில் எழுதிக் கொடுங்கள். சொன்ன ஆள் மறுநாள் வரவில்லை என்றால் அவரிடத்தில் நீங்களே உட்காருங்கள்.

ஓசூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள், திருப்பூரில் வடமாநிலத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகள் எல்லாம் தமிழ்வழி வகுப்பில் இருக்கிறார்கள். கருத்தைச் சொல்லும்போது வீட்டு மொழியும் கலந்து வந்தால் தடுக்காதீர்கள். முதலில் சொல்லட்டும், அப்புறம் இணையில் இருப்பவரோடு சேர்ந்து அதைத் தமிழில் ஒரு வரியாக எழுதட்டும்.

அடுத்து, இணை சேர்ப்பது. நன்றாகப் படிப்பவரையும் மிகவும் பின்தங்கியவரையும் சேர்ப்பது நம் பழக்கம். சக மாணவர் மதிப்பீட்டுக்கு அது சரிவராது, ஒருவர் ஆசிரியராகிவிடுவார், மற்றவர் தலையாட்டுவார். இடைவெளி கொஞ்சமாக இருக்கும்படி சேருங்கள். நட்பு மிக நெருக்கமாக இருந்தால் முதல் சுற்றில் பிரித்துவிடுங்கள். ஊரில் இரண்டு குடும்பங்களுக்குப் பேச்சுவார்த்தை இல்லை என்றால் அது நோட்டிலும் தெரியும், யார் யாரோடு பேசுவதில்லை என்று குறித்து வைத்தது இங்கே உதவும். ஐயமாக இருந்தால் மூவராக உட்கார வையுங்கள். மூன்றாமவர் பேச்சைக் கவனித்து, நாலு கேள்விகளை விட்டு விலகினால் சொல்ல வேண்டும்.

பெரிய வகுப்பில் நாலு ‘லீடர்’களிடம் மொத்த நோட்டையும் கொடுத்துவிடத் தோன்றும். இது புதிதல்ல. நம் பழைய திண்ணைப் பள்ளிகளில் ஆசிரியருக்குப் பதிலாக மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் சட்டாம்பிள்ளை என்ற மாணவர் இருந்தார். 1789-ல் சென்னை எழும்பூர் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், மாணவரைக் கொண்டு மாணவருக்குக் கற்பிக்கும் முறையை அங்கே நடத்தி, 1797-ல் லண்டனில் அச்சிட்டு வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தில் பரவியது. ஆசிரியர் பற்றாக்குறைக்கு அது விடையாக இருந்தது. நாம் செய்யப்போவதன் நோக்கம் வேறு. பிறர் வேலையை மதிப்பிடுபவருக்குத்தான் இதில் பாதிக்கு மேல் பலன். தன் கடிதத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை அடுத்தவர் கடிதத்தில் பளிச்சென்று தெரியும். அந்த வாய்ப்பை நாலு பேரிடம் மட்டும் கொடுத்தால் முப்பத்தாறு பேர் இழந்துவிடுவார்கள்.

நான்காம் படி: சொல்லும் விதத்தைப் பழக்குவது

மதிப்பெண் போடச் சொல்லாதீர்கள். இஸ்ரேலில் ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ரூத் பட்லர் நடத்தி 1988-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. கருத்து மட்டும் பெற்ற பிள்ளைகள் அடுத்த முறை மேம்பட்டார்கள், ஆர்வமும் குறையவில்லை. மதிப்பெண்ணோடு கருத்தும் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. நம் வகுப்பிலும் பார்க்கலாமே, எண்ணைப் பார்த்ததும் பக்கத்தில் எட்டிப் பார்ப்பார்கள், எழுதியிருப்பதை யார் படிக்கிறார்கள்?

‘நன்று’, ‘இன்னும் முயற்சி செய்’ போன்ற சொற்களுக்கு அன்றைக்கு விடுமுறை கொடுத்துவிடுங்கள். பதிலாகத் தொடக்க வரிகளை அட்டையில் எழுதிக் கொடுங்கள்: “நீ எழுதியதில் … என்ற வரி எனக்குத் தெளிவாக இருந்தது, ஏனென்றால் …”, “… என்ற இடத்தில் எனக்கு ஒரு கேள்வி …”, “… என்று சேர்த்தால் தலைவருக்கு இன்னும் புரியும்.” எழுதத் தடுமாறும் பிள்ளைக்கு மூன்று வரியில் ஒன்று போதும். சரளமாக எழுதுபவருக்கு அட்டையே வேண்டாம். பென்சிலால் மட்டும் எழுதட்டும், சிவப்பு மை வேண்டாம்.

நீங்கள் எழுதிக் கொண்டுபோன சுமாரான கடிதத்தை வைத்து வகுப்பு முழுவதும் சேர்ந்து ஒருமுறை செய்து பாருங்கள். உங்கள் கடிதத்தைக் குறை சொல்வதில் பிள்ளைகளுக்கு வரும் உற்சாகமே தனி. கேட்டுக்கொண்டு நன்றி சொல்லித் திருத்தி எழுதிக் காட்டுங்கள். கருத்தை வாங்கிக்கொள்வது எப்படி என்று அவர்கள் பார்ப்பது அங்கேதான்.

ஐந்தாம் படி: பாடவேளை

45 நிமிடத்தில் முடித்துவிடலாம், ஆனால் கடிதம் எழுதுவது முந்தைய வகுப்பிலேயே முடிந்திருக்க வேண்டும். இடம் மாறி உட்கார 5 நிமிடம் போய்விடும். ஒருவர் கடிதத்துக்கு 10 நிமிடம் என்று இரண்டு சுற்று. அதன்பின் 15 நிமிடம் அமைதியாக இருந்து ஒவ்வொருவரும் தன் கடிதத்தில் ஒரு பத்தியையாவது திருத்தி எழுத வேண்டும். இந்தப் 15 நிமிடத்தை எதற்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். ‘வீட்டில் எழுதி வாருங்கள்’ என்றால் கருத்து காற்றோடு போய்விடும். கடைசி 5 நிமிடம், எதை மாற்றினேன், எதை ஏற்கவில்லை, ஏன் என்று ஒரு வரி எழுதட்டும். ஏற்காமல் இருக்கும் உரிமையும் அவர்களுக்கு உண்டு.

நாற்பது பேரையும் சுற்றி வர முயலாதீர்கள். இன்று எந்த மூன்று இணைகளுக்கு நீங்கள் தேவைப்படுவீர்கள் என்று அரைப் பக்கக் குறிப்பிலிருந்து முன்பே முடிவு செய்து அங்கே மட்டும் உட்காருங்கள்.

ஆறாம் படி: வகுப்பு முடிந்த பிறகு

நியூசிலாந்து ஆய்வாளர் கிரஹாம் நட்ஹால் மாணவர்களின் சட்டையில் ஒலிவாங்கி பொருத்தி வகுப்புப் பேச்சைப் பதிவு செய்து ஆராய்ந்தார். தங்கள் வேலை பற்றிப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் கருத்தில் பெரும்பகுதி சக மாணவர்களிடமிருந்துதான் வருகிறது, அதில் பெரும்பாலானது தவறு என்று கண்டார். நீங்கள் ஏற்பாடு செய்தாலும் செய்யாவிட்டாலும் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் மதிப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். எனவே அன்று எழுதப்பட்ட கருத்துகளில் பத்தையாவது எடுத்துப் படியுங்கள். கடிதம் எப்படி இருக்கிறது என்பதைவிடக் கருத்து எப்படி இருக்கிறது என்று பாருங்கள். தவறான கருத்து இருந்தால் மறுநாள் பெயர் சொல்லாமல் பலகையில் எழுதி வகுப்போடு பேசுங்கள்.

பாடம் நடக்கும்போதே ஆசிரியர் போடும் வளரறி மதிப்பீட்டு மதிப்பெண்ணோடு இதைச் சேர்க்காதீர்கள். சேர்த்த நாளிலிருந்து பிள்ளைகள் ஒருவருக்கொருவர் உண்மையைச் சொல்வது நின்றுவிடும்.

அரைப் பக்கக் குறிப்பைப் பருவத்துக்கு ஒருமுறையாவது திருத்துங்கள். ஜூனில் துண்டுச்சீட்டில் மட்டும் எழுதியவள் செப்டம்பரில் நேரில் பேசத் தயாராக இருக்கலாம். தொடக்க வரி அட்டையைப் பார்க்காமலே ஒருவன் சொல்கிறான் என்றால் அட்டையை எடுத்துவிடலாம். படித்துக் காட்டும் உதவியை மட்டும் அவசரப்பட்டு நிறுத்த வேண்டாம், அது தேவைப்படும் பிள்ளைக்குத் தொடர்ந்து தேவைப்படலாம்.

“என் பிள்ளை கடிதத்தை அந்தப் பையன் எப்படித் திருத்தலாம்?” என்று ஏதாவது ஒரு பெற்றோர் கேட்டு வருவார். விளக்கம் சொல்வதற்கு முன் கடிதத்தின் முதல் வடிவத்தையும், பென்சில் குறிப்பையும், திருத்திய வடிவத்தையும் அவர் முன் வரிசையாக வையுங்கள். இதற்காகவே மூன்றையும் ஒன்றாகக் குத்தி, ஆண்டு இறுதிவரை ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள்.